“படம் எப்படிண்ணே?”

2024 ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுப்பில் திருச்சிக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு வளைகாப்பு. அதற்கு முந்தின வாரம் முழுக்க சாங்கி சரக்கு முனையத்தில் இரவு வேலை. விமானத்திலும் தூக்கமில்லை. இறங்கிய மறுநாளே வீடு சொந்தக்காரர்களால் நிறைந்துவிட்டது. யார் மடியில் யார் பிள்ளை என்று தெரியாத கூட்டம். சாயங்காலம் அக்கா மகனை இழுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடினேன். ‘கொட்டுக்காளி’ ஓடிக்கொண்டிருந்தது. சூரி நடித்த படம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சூரி என்றால் பரோட்டா நினைவுக்கு வரும் ஆள் நான். சிரித்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தேன்.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. முதல் பத்து நிமிடம் ஸ்பீக்கர் கோளாறு என்றே நினைத்தேன். ஒரு குடும்பம் ஒரு சேவலோடு ஆட்டோவிலும் பைக்கிலும் கிளம்புகிறது. வேறொருவனை விரும்பும் பெண்ணுக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். ஆட்டோ போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை தூங்கி எழுந்தேன். முடிவு என்று ஒன்றைக் கையில் தராமல் படம் நின்றபோது பக்கத்து சீட்டுக்காரர் “அவ்வளவுதானா?” என்று என்னைக் கேட்டார், நான்தான் எடுத்த மாதிரி.

வெளியே வந்து பைக்கில் ஏறுவதற்குள் சிங்கப்பூர்க் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். “வேஸ்ட்டுப்பா. ஆட்டோ போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. யாரும் தேடிப் பார்க்காதீங்க.” எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் குழுவில் ஆறு பேர். செங்காங்கில் இருக்கும் மச்சான், வேலையிடத்தில் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா (பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், தாத்தா பிரிட்டிஷ் காலத்தில் வந்தவர்), நான், அப்புறம் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி. இங்கே இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தே தாரிக்கிலும் (இழுத்து ஆற்றிய பால் டீ) சினிமாப் பேச்சிலும் ஆரம்பித்த பழக்கம். மற்றவர்களுக்கு என் கருத்து ஒரு வேடிக்கை. தம்பிக்கு அப்படி இல்லை. அவனுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். டிக்கெட், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து இருபது, இருபத்தைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிவிடும். அதில் ஊருக்குப் போன் பேசவும் வேண்டும், முடி வெட்டவும் வேண்டும், சாமானும் வாங்க வேண்டும். அதனால் எந்தப் படத்துக்கும் போவதற்கு முன் “படம் எப்படிண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். நான் வேண்டாம் என்றால் போகமாட்டான்.

சில வாரம் கழித்து ஒரு ராத்திரி கூப்பிட்டான். விடுதியில் படுத்தபடி, காதில் மாட்டிக்கொண்டு, போனில் ‘கொட்டுக்காளி’ பார்த்திருக்கிறான்.

“அண்ணே, எங்க சித்திய இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஆட்டோ இல்ல, டெம்போ. எனக்குப் பத்து வயசு இருக்கும். கோழிய நான்தான் மடியில வச்சிருந்தேன்.”

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை. பிறகு கேட்டான்: “நீங்க வேஸ்ட்டுன்னீங்கள்ல, ஏண்ணே? எது பிடிக்கல?”

சண்டை போடும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். தூக்கம் வந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். மதியம், மின்விசிறி சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. சூரியின் பாத்திரத்துக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது, குரல் வெளியே வருவதே கஷ்டம். அப்படிப்பட்ட ஆள்தான் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் அதட்டுகிறான். அன்னா பென் நடித்த பெண்ணுக்கோ குரலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கும் காட்சி வரும். இத்தனை ஆம்பிளைகள் இருந்தும் அதை நகர்த்த முடியாது. ஒரு சின்னப் பெண் வந்து சும்மா ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். இதெல்லாம் நான் தூங்கிய இடங்கள். இசை இல்லாததால் ஆட்டோ இரைச்சலும் சேவலின் படபடப்பும் நேரே காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இழுக்கிறது என்பதும் வேஸ்ட் என்பதும் ஒன்றா?

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுவேன். “ராத்திரி வேலை முடிச்சு பார்த்தேன்.” “மாமியாரோட பார்த்தேன்.” “பாதியில் போன் வந்து வெளியே போனேன்.” கேட்பவருக்கு அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மச்சான் முதலில் கிண்டல் செய்தான், மருந்துக் கடையில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிற மாதிரி இருக்கிறதாம். சரி, அப்படியே இருக்கட்டும்.

‘மெய்யழகன்’ வந்தபோது வேறொரு கூத்து. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான படம், முதல் வாரயிறுதியிலேயே நானும் மனைவியும் போனோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவன் பல வருஷம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிறான். இவனுக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. அரவிந்த் சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், அதுதான் படம். கல்யாண மேடையில் அந்த நகை கொடுக்கும் காட்சியில் என் மனைவி கைப்பையில் டிஷ்யூ தேட ஆரம்பித்தவள் கடைசி வரை நிறுத்தவில்லை. எனக்கும் இந்த ஊரில் பெயர் மறந்துபோன உறவுகள் உண்டு. தேக்கா மார்க்கெட்டில் ஒருவர் தோளைத் தட்டி “என்னப்பா எப்படி இருக்கே, அம்மா நல்லா இருக்காங்களா?” என்பார். பதினைந்து நிமிடம் பேசிவிட்டுப் பிரியும்போதும் அவர் யார் என்று தெரியாது. எனவே எனக்குப் படம் ஒட்டிக்கொண்டது.

அக்டோபரில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போன மச்சான் அங்கே அதே படத்தைப் பார்த்தான். திரும்பி வந்ததும் காப்பிக்கடையில் வாக்குவாதம். ராத்திரிப் பேச்சில் எனக்குப் பிடித்த ஒரு பகுதியைச் சொன்னேன். “அப்படி ஒண்ணும் படத்துல இல்லையே மாமா” என்றான். இருக்கிறது என்றேன் நான். இல்லவே இல்லை என்றான் அவன். நான் தூங்கிக் கனவு கண்டிருப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ‘கொட்டுக்காளி’ விவகாரம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும் என்பதால் என் பக்கம் சாட்சி சொல்ல ஆளில்லை. இரண்டு தே தாரிக் ஆறிப்போனது.

பிறகுதான் தெரிந்தது, படம் வெளியான சில நாளிலேயே நீளம் என்ற பேச்சு எழுந்து, சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தது முழுசு, அவன் பார்த்தது வெட்டியது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். இப்போது யாராவது ஒரு காட்சியைச் சொல்லி எனக்கு நினைவில்லை என்றால், எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன். தியேட்டரில் ஒரு நீளம், வீட்டுத் திரையில் வேறொரு நீளம், ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று இருக்க வாய்ப்பு உண்டு. சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊர் சமாச்சாரம் இன்னொன்று. நமக்குக் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பெரிய படம் வரும் நாளில் ஊரில் இருக்கும் பையன்கள் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த நேரத்தில் வரும் மிதப்பு இருக்கிறதே, அது நல்லதற்கில்லை. ஒருமுறை இடைவேளையிலேயே அத்தை மகனுக்கு வில்லன் யார் என்று எழுதிவிட்டேன். அவன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அதன் பிறகு நானே எனக்கு ஒரு எல்லை போட்டுக்கொண்டேன்: முதல் இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறதோ அதுவரை கதை சொல்லலாம், அதற்கு மேல் கதை கிடையாது. பிடித்ததா இல்லையா என்பதை அந்த இருபது நிமிடத்தை வைத்தே சொல்லிவிடலாம். முடியாது என்று நினைத்தேன், பழகினால் முடிகிறது. இன்னொன்றையும் விட்டுவிட்டேன். தியேட்டரிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடக்கும்போது படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. டீ வந்த பிறகுதான். அந்தப் பத்து நிமிட நடையில் கோபமும் பரவசமும் கொஞ்சம் இறங்கிவிடும்.

வயது விஷயத்தில் வாங்கியதையும் சொல்லவேண்டும். ஜூரோங்கில் இருக்கும் தங்கை, பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு சண்டைப் படத்தைப் பற்றிக் கேட்டாள். பையனுக்குப் பதினான்கு வயது. ஊர் போஸ்டரில் யு/ஏ என்று பார்த்த ஞாபகம், தாராளமாகப் போ என்றேன். இங்கே அந்தப் படம் என்சி16. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜி, பிஜி, பிஜி13 வரைக்கும் பெற்றோர் பார்த்து முடிவு செய்யலாம். என்சி16, எம்18, ஆர்21 என்றால் வயது குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அம்மா கூடவே நின்றாலும் இல்லை. தங்கை மூன்று டிக்கெட் காசையும் என் கணக்கில் எழுதினாள். இப்போது பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் படம் சொல்வதென்றால் இங்கே படங்களுக்குத் தரம் போடும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் தளத்தில் அந்தப் படத்தின் தரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என்ன காரணத்துக்காக அந்தத் தரம் என்பதும் ஒரு வரியில் இருக்கும். இரண்டு நிமிட வேலை.

என் மகன் விஷயம் தனி. இங்கே தமிழ்ப் படம் ஆங்கில வரிகளோடு ஓடும். வசனம் முழுசாக வருவதற்குள் கீழே எழுத்து வந்துவிடும். அவன் அதைப் படித்துவிட்டு முதலில் சிரிப்பான், நான் வசனத்தைக் கேட்டுவிட்டு அடுத்துச் சிரிப்பேன். தியேட்டரிலும் அப்படித்தான், சிரிப்பு இரண்டு தவணையாக வரும். ‘லப்பர் பந்து’ படத்தை வீட்டில் பார்க்கும்போது நிறுத்திவிட்டுக் கேட்டான்: “அப்பா, கெத்துன்னா என்ன, ஸ்வாக்கா?” இல்லை என்று சொல்ல வாய் வந்தது. யோசித்தால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஏறக்குறைய அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவனோடு படம் பற்றிப் பேசும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் பார்த்த படமும் நான் கேட்ட படமும் கொஞ்சம் வேறு.

அதே படத்தில் எனக்குக் கிரிக்கெட்தான் பெரிதாகத் தெரிந்தது. ஊர் மைதானம், வயதானாலும் மட்டையைக் கீழே வைக்க மனசில்லாத அட்டகத்தி தினேஷ், அவரை ஆட்டமிழக்க வைத்தே தீருவேன் என்று வரும் ஹரிஷ் கல்யாண், நடுவில் அந்த விஜயகாந்த் பாட்டு. திறமை இருந்தும் சாதியைக் காட்டி அணிக்குள் சேர்க்காத கதையும் கூச்சல் போடாமல் உள்ளே ஓடுகிறது. என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு அந்த மாமியாரும் மருமகளும்தான் படம்” என்றாள். சுவாசிகா கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனபின் மகனைவிட மாமியார்தான் தவித்துப்போகிறார். கீதா கைலாசம் நடித்த அந்தக் காட்சிகளை நான் பார்த்திருந்தேன், ஆனால் சொல்லத் தோன்றவில்லை. அதிலிருந்து யார் என்னிடம் கருத்துக் கேட்டாலும் மனைவியிடம் ஒரு வரி வாங்கிச் சேர்த்து அனுப்புகிறேன். பல சமயம் அந்த வரிக்குத்தான் பதில் வருகிறது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே மாதம் வந்தபோது குழுவில் எல்லாரும் ஒரே குரலில் கொண்டாடினோம். நெருக்கடிக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம், சசிகுமார், சிம்ரன். யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு நேரில் சொன்னார்: “நல்ல படம்தான். ஆனா என் காது வேலை செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பேச்சு எங்கே எங்க வீட்டுப் பேச்சா இருக்கு, எங்கே நழுவுதுன்னு. கதைக்குள்ள போகவே பாதிப் படம் ஆயிடுச்சு.” அவர் அம்மாச்சி பேசிய தமிழ் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லையாம். அதை ஒரு திரையில் கேட்கும்போது மனசு சரிபார்க்கத்தான் முதலில் ஓடும். நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பேச்சை அப்படியே நம்பிக்கொண்டு சிரித்துக் கண்கலங்கியவர்கள். ஒரு படத்துக்குள் தன் வீடு இருக்கிறவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு கேட்பது நல்லது. இதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வேலையிடத்தில் ஒரு சீனப் பெரியவர், எங்கள் மேற்பார்வையாளர், தமிழ்ப் படம் ஒன்று சொல் என்றார். பாட்டும் சண்டையும் வேண்டாம், நீளமும் வேண்டாம். நிபந்தனைகளைக் கேட்டதும் பாதிப் பட்டியல் போய்விட்டது. எரிக் கூ எடுத்த ‘மை மேஜிக்’ சொன்னேன். சிங்கப்பூரில் தமிழில் எடுக்கப்பட்டு 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம், குடிகார அப்பாவும் பையனும். எங்கேயோ தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து ஒரே வரி சொன்னார்: “அந்தப் பையன் நடிக்கல லா, சும்மா இருந்தான்.” நான் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

மதிப்பெண் போடுவதை நிறுத்தியாகிவிட்டது. ஐந்துக்கு மூன்று என்றால் தம்பிக்கு அதில் என்ன தெரியும்? அவனுக்குத் தேவை, தியேட்டருக்குக் காசு கொடுக்கலாமா, போனில் வரும்வரை பொறுக்கலாமா என்பது மட்டும். சத்தமும் கூட்டமும் சேர்ந்தால்தான் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போ என்பேன். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் படம் என்றால் காத்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன்தான் அதைத் திருத்தினான். விடுதியில் ஒரு அறைக்குள் அத்தனை பேர், எப்போதும் யாராவது ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அமைதியான படத்தை அங்கே எப்படிப் பார்ப்பது? “அந்த மாதிரிப் படத்துக்குத்தான்ணே தியேட்டர் வேணும். இருட்டும் அமைதியும் எங்களுக்கு அங்கதான் கிடைக்கும்” என்றான். நான் யோசித்தே பார்க்காத கணக்கு.

போன மாதம் அவன்தான் முதலில் ஒரு படம் பார்த்துவிட்டு எனக்குக் குரல் பதிவு அனுப்பினான். பேருந்துச் சத்தம் பின்னால் கேட்டது. “அண்ணே, ஞாயித்துக்கிழமை மதியம், வயிறு நிறைய பிரியாணி, முன்னாடி ரெண்டாவது வரிசை, கழுத்து வலி. இதெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் நல்ல படம். முதல் இருபது நிமிஷத்துல ஒரு அம்மா பஸ்ஸ விட்டுட்டு நிப்பாங்க, அத மட்டும் பாருங்க. மேல சொல்ல மாட்டேன்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு மட்டும் போயிராதீங்க” என்றான்.